கனியல்ல, கண்ணீர்!

பாட்டு களிப்பூட்டவே பிறந்தது என்பர் சிலர். மெய்தானா தோழர்களே?

நியூயார்க்கிலே ஓர் ஆங்கில ஆசிரியர், ஏபல் மீரோபோல். வெள்ளை வெறியர் கருப்பரைக் கொன்று மரத்திலே தொங்கவிட்ட கொடுமையை நிழற்படத்திலே கண்டார். அக்காட்சி அவரை வாட்டியது, கவிதையாயிற்று. 1937-இல் ஆசிரியர் சங்க ஏட்டிலே வெளிவந்தது. பண்ணும் அவரே அமைத்தார்.

'விசித்திரக் கனி' எனும் அப்பாடலை 1939-இல் கருப்பினப் பாடகி பில்லி ஹாலிடே விடுதியொன்றிலே பாடினார். பரிமாறுதல் நின்றது, விளக்குகள் அணைந்தன, அவர் முகத்திலே மட்டும் ஒளி!

கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டாக்க மறுத்தது; கமடோர் எனும் சிறு நிறுவனம் துணிந்தது.

கொன்றவரிற் பலர் தண்டனையின்றித் திரிந்தனர். எழுதியவரையோ விசாரணைக் குழு அழைத்து, 'கம்யூனிஸ்டுக் கட்சி கூலி கொடுத்ததா?' என்று கேட்டது!

1999-இல் 'டைம்' ஏடு அதனையே நூற்றாண்டின் பாடலென்றது. ஆதிக்கம் அஞ்சிய பாட்டே, ஆண்டுகளை வென்ற பாட்டு!