கடல் நாகத்தின் தடம்

சென்ற வாரம் ஜார்ஜ் ஸ்மித்தின் கதையை 1876-ல் நிறுத்தினோம். நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து பாபிலோனியரின் படைப்புக் கதையை உலகுக்குத் தந்துவிட்டு, அதே ஆண்டு சிரியாவில் நோயால் இறந்தார் அவர். அந்தக் கதையில் மர்துக், கடலின் வடிவான தியாமத்தைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக விரிக்கிறான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலும் இருண்ட ஆழம் உண்டு, நீர் இரண்டாகப் பிரிகிறது, நடுவே வானம். ஆனால் போர் மட்டும் இல்லை.

அந்தப் போர் எங்கே போயிற்று என்று தேடியவர் ஹெர்மன் குன்கெல். 1862-ல் ஜெர்மனியின் ஸ்ப்ரிங்கெ என்ற ஊரில் ஒரு லுத்தரன் போதகரின் மகனாகப் பிறந்தார். புதிய ஏற்பாட்டு ஆய்வில் தொடங்கி, ஹாலே பல்கலைக்கழகத்தில் பழைய ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆப்பெழுத்து அறிஞர் ஹைன்ரிஷ் ட்ஸிம்மர்னின் துணையோடு 1895-ல் அவர் வெளியிட்ட 'படைப்பும் பெருங்குழப்பமும்' நூலை அந்த நூற்றாண்டின் துணிச்சலான விவிலிய ஆய்வுகளில் ஒன்று என்பேன்.

ஆதியாகமத்தில் காணாத போரை அவர் மற்ற நூல்களில் கண்டெடுத்தார். 89-ஆம் சங்கீதத்திலும் ஏசாயாவின் 51-ஆம் அதிகாரத்திலும் ராகாப் என்னும் கடல் விலங்கு வெட்டுண்டு கிடக்கிறது. 74-ஆம் சங்கீதத்தில் லிவியாதானின் தலைகள் நொறுங்குகின்றன. வெளிப்படுத்தின விசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் அதே நாகம் இறுதிக் காலத்துப் பகைவனாகத் திரும்புகிறது. ஆக, இஸ்ரவேலர் இந்தக் கதையை நெடுங்காலம் தங்களுக்குள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆதியாகமத்தை எழுதியவர் அதன் போர்க்களத்தை அகற்றி, ஒரே கடவுளின் கட்டளையை அங்கே நிறுத்தினார் என்றார் குன்கெல்.

அன்றைய விவிலிய ஆய்வின் பேராளுமை ஜூலியஸ் வெல்ஹாசன். எந்தப் பகுதியை யார், எப்போது எழுதினார் என்று பிரித்தறிவதில் அவருக்கு நிகரில்லை. எழுதியவர் ஒரு கதையை எப்படிப் பயன்படுத்தினார் என்பதே முக்கியம், கதையின் மூலம் எங்கிருந்து வந்தால் என்ன என்று அவர் குன்கெலின் முறையை மறுத்தார். எனக்கு அந்த மறுப்பு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஒருவர் எதை விட்டுவிட்டார் என்று தெரியாமல், அவர் சொன்னதன் வலிமை எப்படிப் புரியும்?

குன்கெல் பின்வாங்கவில்லை. 1901-ல் வந்த ஆதியாகம விரிவுரையில், எழுத்துக்கு முன்பே தலைமுறைகளாக வாய்மொழியில் வாழ்ந்த கதைகளைப் பிரித்துக் காட்டினார். விவிலியமே பாபிலோனின் நகல் என்பதுபோல அறிஞர் ஃபிரீட்ரிக் டெலிட்ஸ்ச் ஜெர்மன் பேரரசர் முன்னிலையில் பேசி அமளி எழுந்தபோது, 1903-ல் அதற்கும் பதில் எழுதினார்: கடன் வாங்கியது உண்மை, வாங்கியதை இஸ்ரவேலர் முற்றிலும் மாற்றியமைத்ததும் உண்மை. இத்தனை சாதித்தவருக்கு முழுப் பேராசிரியர் பதவி 1907-ல்தான், கீஸனில் கிடைத்தது.

அவருடைய முடிவுகளில் ஒன்று பிற்பாடு ஆட்டம் கண்டது. 1929-ல் சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா மேட்டைத் தோண்டியபோது உகாரித் நகரம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த பலகைகளில் பாகால் தேவன் கடலரசன் யாமுடன் பொருதுகிறான். இஸ்ரவேலருக்குக் கடல் போர்க்கதை தொலைவிலுள்ள பாபிலோனிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை, அக்கம்பக்கத்துக் கானானியரிடமே இருந்தது என்று அறிஞர்கள் பலர் கருதத் தொடங்கினார்கள். யாம் போரைச் சொல்லும் பலகை அச்சேறுவதற்கு முன்பே, 1932 மார்ச்சில், குன்கெல் ஹாலேயில் காலமாகிவிட்டார். அதே உகாரித் பலகைகளில் லோத்தான் என்றொரு நாகமும் வருகிறது. அதற்கு ஏழு தலைகள்.