மாமல்லைக் கடற்கரையும் மறைந்துவரும் மிட்டாய்களும்

மாமல்லபுரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பல்லவரில் தொடங்கிக் கல்லிலேயே முடித்துவிடுவது வழக்கம். அதில் வியப்பில்லை. குடைவரைகளும் ஒற்றைக்கல் தேர்களும் கடற்கரைக் கோயிலும் சான்றாக நிலைத்து நிற்கின்றன. 1984இல் உலக மரபுச் சின்னம் என்னும் தகுதியும் அவற்றுக்குக் கிடைத்தது. அக்கோயில் வழியில் நின்று சிறுவர்க்கு மிட்டாய் விற்றவருக்குச் சான்று ஏது? வாயில் இட்ட சற்று நேரத்தில் கரைந்துபோவது அவர் சரக்கு. நாற்பதைக் கடந்த நம்மவர் நால்வர் கூடினால் தேன்மிட்டாய் என்றும் கமர்கட்டு என்றும் பேசி ஏங்குவதைக் காண்கிறோம். நம் இலக்கிய வட்டத்துக் கூட்டங்கள் முடிந்தபின் தேநீர் வேளையில் இப்பேச்சு எழாத மாதம் குறைவு. அவ்வேக்கத்துக்குப் பின்னுள்ள வரலாற்றைத் தேடிப் பார்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'மிட்டாய்' தமிழ்ச்சொல் அன்று. இந்துத்தானியின் 'மிட்டாயி' தெற்கே வந்து ஈறு குறைந்தது. 'சர்க்கரை' என்பதன் வடமொழி மூலத்துக்குப் பரற்கல், பொடிக்கல் என்னும் பொருள்களும் உண்டு. 'கற்கண்டு' என்பதில் கல் வெளிப்படையாகவே நிற்கிறது. அதிலுள்ள 'கண்டு', துண்டு எனப் பொருள்படும் 'கண்ட' என்னும் வடசொல்லின் வழிவந்தது. அதே சொல் பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்று ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆயிற்று என்பர் சொற்பிறப்பு ஆய்வாளர். கல்லுக்குப் பெயர்போன ஊரில் இனிப்புக்கும் கல்லே பெயராக வழங்குவது தற்செயல்தான்; ஆயினும் மொழி பயிற்றுவிக்கும் எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது.

பொருள் இச்சொற்களுக்கு முற்பட்டது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, இந்நிலப்பகுதியின் ஊடே பாணனை வழிநடத்திச் செல்கிறது. எந்திர ஓசை ஓயாத கரும்பாலைகளையும், அங்கே பாகு காய்ச்சும்போது எழும் புகையையும் அது காட்டுகிறது. வழிச்செல்வோரைக் கருப்பஞ்சாறு பருகிச் செல்லுமாறும் கூறுகிறது. பாகு கூட்டி வட்டமான பண்டம் செய்யும் கூவியரை அந்நூலின் உவமை ஒன்றில் காண்கிறோம். இரவு முதிர்ந்தபின் கண்ணயரும் கூவியரை மதுரைக்காஞ்சியும் குறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறையை மாமல்லபுரமாகவோ அதன் அண்மைக் கடற்றுறையாகவோ கொள்ளும் அறிஞர் உளர். அது முடிந்த முடிபன்று. எனினும் பாகு காய்ச்சி விற்பதைத் தொழிலாகக் கொண்ட மக்கள் தொண்டை நாட்டில் சங்க காலத்திலேயே இருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் கரும்பு ஏரிப் பாசனத்தின் பயிர். மதுராந்தகத்தைச் சூழ்ந்த நன்செய்க்கு அது பொருந்தும். கடலை ஒட்டிய மணல்மேட்டுக்குப் பொருந்தாது. கரையோரச் சிற்றூர்களுக்கு இனிப்பின் தாய் பனையே. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாது விட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் இனிப்பும் போதையும் பிரிந்துவிடுகின்றன. பதநீரைக் காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் வார்த்தால் கருப்பட்டி. பனை ஏறுவோரின் மனைவியரே பெரும்பாலும் அடுப்பங்கரையில் நின்று இதனைக் காய்ச்சினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பனைத்தொழில் பற்றிப் பேசுவோர் மரத்தின் உச்சியைப் பார்க்கும் அளவுக்கு அடியிலிருக்கும் அடுப்பைப் பார்ப்பதில்லை.

1978இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. 1987 முதல் கள் இறக்கத் தடை வந்தது. தடை கள்ளுக்கே எனினும், பதநீர் இறக்குவோரும் ஐயத்துக்கு ஆளாகி இடர்ப்பட்டதாக அத்தொழிலாளர் பலமுறை முறையிட்டுள்ளனர். ஏறுவதோ உயிருக்கு ஊறு நேரும் தொழில். பருவம் ஆண்டில் சில மாதமே. பிள்ளைகள் பள்ளிக்கும் பின்னர்த் தொழிற்சாலைக்கும் சென்றனர். அதனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. 2021இல் முதன்முதலாகத் தனியே அளிக்கப்பெற்ற வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. நல்ல முயற்சியே. ஆயினும் இன்று ஊன்றும் விதை பாளைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகளேனும் ஆகும். அப்போது ஏறுவதற்கு ஆள் வேண்டும்.

கமர்கட்டு இப்பனைக்கும் தென்னைக்கும் பிறந்த பிள்ளை. கருப்பட்டியையோ வெல்லத்தையோ பாகாக்கித் தேங்காய்த் துருவல் சேர்த்து உருட்டுவர். பதம் பார்க்கக் கருவி இல்லை. கிண்ணத்து நீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, திரண்டதை எடுத்துத் தட்டில் எறிந்தால் 'டங்'கென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கும் முன் இறக்கினால் பல்லில் ஒட்டும். கடந்து இறக்கினால் கசக்கும். செவியால் பார்க்கும் இப்பதத்தை அளவு எழுதிக் கற்பிக்க இயலாது. அருகில் நின்றே கற்க வேண்டும்.

கடலோரத்தில் இதற்கு இன்னோர் இடையூறும் உண்டு. வெல்லமும் சர்க்கரையும் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பங்காற்றும் சேர்ந்தால் திறந்து வைத்த மிட்டாய் ஒரே நாளில் கசிந்துவிடும். பெட்டிக்கடைகளில் வாயகன்ற கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நின்றது அழகுக்காக அன்று. இருபுறமும் முறுக்கிய தாளில் பொதிந்த நிறுவன மிட்டாய்கள் வந்தபோது, ஊர் மிட்டாய்களை அவை சுவையால் வென்றன என்று நான் கருதவில்லை, தாளால் வென்றன.

அந்நிறுவனங்களின் வரலாறு தெளிவாகவே கிடைக்கிறது. 1788இல் சென்னையில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரால் அமைந்த நிறுவனம், 1914இல் நெல்லிக்குப்பத்தில் மிட்டாய்த் தொழிலைத் தொடங்கிற்று. 1952இல் சித்தூரில் நியூட்ரின் தோன்றிற்று. எண்பதுகளில் பள்ளி சென்ற என் போன்றோர்க்குப் பிறந்தநாள் என்றால் இவ்விரண்டில் ஒன்றின் தாள் சுற்றிய மிட்டாய்தான். பாரியின் மிட்டாய்ப் பிரிவை 2004இல் கொரிய நாட்டு லோட்டே வாங்கியது. நியூட்ரினை 2006இல் கோத்ரெஜ் வாங்கியது. கைமாறிய ஆண்டு வரை நாம் அறிகிறோம். கமர்கட்டு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறிற்று என்பதற்கு எந்தப் பத்திரமும் இல்லை.

கடலை மிட்டாயைப் பழந்தமிழர் பண்டம் என்று மேடையில் முழங்குவோரைக் கேட்டிருக்கிறேன். நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். நம் வடமாவட்டங்களில் 'மல்லாட்டை' என வழங்கும் பெயரே, மணிலாக் கொட்டை என்பதன் சிதைவாய் அதன் கடல் வரவைக் காட்டிக்கொடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்கு எண்ணெய் வித்தாக ஏற்றுமதியானபோதுதான் தென்னார்க்காட்டுப் புன்செய்களில் அது பெரிதும் பரவிற்று. ஆகவே கடலை மிட்டாய்க்கு அதிகப் பழமை கற்பிக்க இடமில்லை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

மிட்டாயின் விதியை எல்லாவற்றினும் மிகுதியாக முடிவு செய்தது நாணயம் என்பேன். 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்மக் காசு முறை வந்தது. அணா போய் நயா பைசா வந்தபோது, சிறுவனின் கையிலிருந்த காசு மேலும் நுண்ணிதாகப் பகுபட்டது. எண்பதுகளில் எங்கள் கைகளில் புழங்கிய ஐந்து காசு முனை மழுங்கிய சதுரம். பத்துக் காசு பூவிளிம்பு. இருபது காசு அறுகோணம். எழுத்தறியாக் குழந்தையும் விரலால் தடவியே தொகை சொல்லும். காசுக்கு ஒன்று, ஐந்து காசுக்கு இரண்டு என்னும் கணக்கில்தான் ஊர் மிட்டாய்த் தொழில் உயிர் வாழ்ந்தது. விலைவாசி ஏற ஏற அக்காசுகள் ஒவ்வொன்றாகச் செல்வாக்கு இழந்தன. 2011 ஜூன் 30ஆம் நாளோடு இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் செல்லாதவை ஆயின. அதன்பின் நேர்ந்தது ஒரு வேடிக்கை. ஒரு ரூபாய்ச் சில்லறை இல்லாத கடைக்காரர் மிட்டாயை எடுத்து நீட்டினார். காசு கொடுத்து மிட்டாய் வாங்கிய நாம் காசுக்குப் பதில் மிட்டாய் வாங்கினோம். இன்று கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதால் அத்தேவையும் குறைந்துவிட்டது.

இவை யாவும் கடைப் பண்டங்கள். கடற்கரைக்கும் திருவிழாவுக்கும் உரியது சவ்வு மிட்டாய். ஜவ்வு மிட்டாய் என்றும் பம்பாய் மிட்டாய் என்றும் சொல்வர். உயர்ந்த மூங்கில் கழி. அதன் தலையில் உடை உடுத்திய பொம்மை. கயிற்றை இழுத்தால் அது கைதட்டும். கழியைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பாகுத் திரள். சர்க்கரைப் பாகில் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சுவது, அது மீண்டும் மணலாக உறையாமல் காக்கும். எண்ணெய் தடவிய பரப்பில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, ஆணியில் மாட்டி இழுத்து மடித்து மீண்டும் இழுப்பர். இழுக்குந்தோறும் காற்று உட்புகுவதால் பளிங்கு போன்ற பாகு பட்டுப் போல வெளுக்கும். அதிலிருந்து ஒரு நூல் இழுத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவார் மிட்டாய்க்காரர். தேள், மயில், தொடர்வண்டி என்று கேட்டதெல்லாம் வரும்.

இதுவும் சிற்பமே என்று நான் சொன்னால் இவ்வூர்ச் சிற்பிகள் பொறுத்தருள்வர் என நம்புகிறேன். கல்லில் வடிப்பவர்க்கு இங்கே 1957 முதல் அரசு கல்லூரி உண்டு. மாமல்லபுரம் கற்சிற்பம் 2017இல் புவிசார் குறியீடும் பெற்றது. பாகில் வடிப்பவர்க்குப் பள்ளி தந்தையின் தோள்தான்.

அண்மையில் இத்தெருவணிகர்மேல் விழுந்த அடி நிறத்தால் வந்தது. பஞ்சு மிட்டாய் அமெரிக்காவில் பிறந்தது. அதன் எந்திரத்தை உருவாக்கியவருள் ஒருவரான வில்லியம் மாரிசன் பல் மருத்துவர் என்பது சுவையான செய்தி. 1904ஆம் ஆண்டுச் செயின்ட் லூயிசு கண்காட்சியில் 68,655 பெட்டிகள் விற்றனவாம். அது நம் கடற்கரைகளின் அடையாளமாகிவிட்ட நிலையில், 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பின்னர்த் தமிழ்நாட்டிலும் தடை செய்யப்பட்டது. துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் ஆய்வில் கண்டறியப்பட்டதே காரணம். 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் விதித்த வரம்பை மீறிய பொருள் அது. தடை சரியே, குழந்தையின் உடலினும் நம் ஏக்கம் பெரிதன்று. ஆயினும் நஞ்சு சர்க்கரையில் இல்லை, சாயத்தில் இருந்தது. சாயமின்றி வெள்ளைப் பஞ்சாக விற்கக் கற்றுக்கொடுத்து உரிமம் அளிப்பதும் தடையைப் போன்றே அரசின் கடமை அன்றோ? தேன்மிட்டாயின் சிவப்பையும் இவ்வாறே ஆராய வேண்டும். அரிசி, உளுந்து மாவை எண்ணெயில் பொரித்துப் பாகில் ஊறவைப்பதே தேன்மிட்டாய். பெயரில் உள்ள தேன் பண்டத்தில் இல்லை.

பழைய மிட்டாய்களைக் கூட்டிப் பெட்டியில் அடைத்து, 'தொண்ணூறுகளின் மிட்டாய்' என்று பெயரிட்டு விற்கும் கடைகள் இப்போது நகரெங்கும் உள்ளன. நானும் வாங்கியதுண்டு. பார்லே நிறுவனம் நிறுத்தியிருந்த ரோலா கோலாவை, வாடிக்கையாளர் ஒருவரின் வேண்டுகோளைத் தொடர்ந்து பல்லாயிரவர் ஆதரவு திரட்டக் கேட்டு, 2019இல் மீண்டும் கொண்டுவந்தது. நிறுவன மிட்டாய்க்குச் செய்முறை ஏடும் எந்திரமும் இருப்பதால் எத்தனை ஆண்டு கழித்தும் மீட்கலாம். தட்டில் எறிந்து ஒலி கேட்கும் செவியை அவ்வாறு மீட்க இயலாது. நம் கல்லூரிகளில் நாட்டார் வழக்காறுகளைத் தொகுக்கும் மாணவர், தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்கின்றனர். ஒருவரேனும் பாகுப்பதத்தைப் பதிவு செய்யலாம். இவ்வட்டாரத்தில் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. நீண்ட காலம் இல்லை.

மாசி மகத்தன்று இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து மாமல்லபுரக் கடற்கரையில் தங்கிக் கன்னியம்மனை வழிபடுவர். சேலைகளால் அமைத்த சிறு கூடாரங்கள் மணலெங்கும் நிற்கும். சில ஆண்டுகளுக்குமுன் அக்கூட்டத்தில் சவ்வு மிட்டாய்க்காரர் ஒருவரைக் கண்டேன். எத்தனை உருவம் செய்வீர்கள் ஐயா என்று கேட்டேன். "எங்க அப்பா இருபதுக்கு மேல செய்வாரும்மா. எனக்குப் பதினொண்ணு வரும்" என்றார். குறிப்பேட்டை எடுத்தேன். கடிகாரம், தேள், மயில், தொடர்வண்டி, மோதிரம், தாமரை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்பது எழுதியிருப்பேன், அதற்குள் ஒரு சிறுமி பத்து ரூபாயுடன் வந்து கையை நீட்டினாள். அவர் அவளுக்குக் கடிகாரம் கட்டத் தொடங்கினார். அவள் பின்னே மேலும் ஐவர் நின்றனர்.