மலையோடு நின்றுவிட்ட நிதி: சேர்வராயன் மலைப் பழங்குடியினரின் தொழிற்பயிற்சியும் நகர வேலையும்

முன்னுரை

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பாதையில், தேக்குக் காட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் கொட்டச்சேடு. இங்கும் சேர்வராயன் மலையின் பிற ஊர்களிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம். மலையில் பிழைப்பு சுருங்கச் சுருங்க இவர்களின் பிள்ளைகள் வேலை தேடிச் சமவெளி நகரங்களுக்கு இறங்குகின்றனர். பழங்குடியினரின் தொழிற்பயிற்சிக்கென ஒதுக்கப்படும் அரசு நிதி அவர்களோடு இறங்கியதா என்பதே இக்கட்டுரையின் வினா.

விவசாயத்திலிருந்து கூலிக்கு

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையில் காப்பித் தோட்டங்கள் பரவின. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டு உரிமைகளைக் குறுக்கியது. காப்பிப் பழம் பறிப்பது, நிழல்மரமான சில்வர் ஓக்கின் கிளை கழிப்பது, மூங்கில் ஏணி சார்த்தி மிளகு பறிப்பது என மலையாளிகள் பலர் தோட்டக் கூலிகளாயினர். இவை கைத்திறனும் துணிச்சலும் வேண்டும் வேலைகள். ஆனால் எந்தச் சான்றிதழும் தராத வேலைகள். பருவம் முடிந்தால் கூலியும் முடியும்.

திட்டங்கள் வந்த வழி

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1974-79) பழங்குடியினர் துணைத் திட்டம் உருவானது. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளை வரையறுத்து, அங்கே ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஏற்காடு, கல்வராயன் மலை, கொல்லிமலை, ஜவ்வாதுமலை, சித்தேரி போன்றவை இவ்வாறு வரையறுக்கப்பட்டன. 1977-78 முதல் ஒன்றிய அரசின் சிறப்பு நிதியுதவியும் சேர்ந்தது. சாலை, உண்டு உறைவிடப் பள்ளி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவை மலைக்கு வந்தன. அந்த நன்மையை மறுக்க முடியாது.

தொழிற்பயிற்சியும் இதே வரைபடத்தைப் பின்பற்றியது. பழங்குடியினருக்கான அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் கருமந்துறை, ஆனைகட்டி, கூடலூர் போன்ற மலைப்பகுதிகளில் அமைந்தன. கொட்டச்சேட்டு இளைஞர் கருமந்துறையில் சேர வேண்டுமானால், சேர்வராயன் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கி, வாழப்பாடி வழியாகக் கல்வராயன் மலை ஏற வேண்டும். பயிற்சி முடித்ததும் வேலைக்காக மறுபடியும் சேலத்துக்கோ திருப்பூருக்கோதான் வர வேண்டும். 2014-இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் திட்டமும், பெயரே சொல்வதுபோல, கிராமப்புற இளைஞருக்கானது. நகரில் குடியேறிவிட்ட பழங்குடிக் குடும்பத்தின் பிள்ளை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

நகரில் பெருகியவர்கள்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 6,51,321 பழங்குடியினரில் 1,00,178 பேர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். 2011-இல் மொத்தம் 7,94,697, நகரில் 1,34,417. பத்தாண்டுகளில் கிராமப்புறப் பழங்குடியினர் சுமார் 20 விழுக்காடும், நகர்ப்புறத்தினர் சுமார் 34 விழுக்காடும் பெருகினர். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023-இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தன. பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் மணிமாலை விற்றுப் பிழைப்போர் அவர்களில் பலர். எனவே நகரில் வாழும் பழங்குடியினரின் இன்றைய எண்ணிக்கை பழைய கணக்கைவிடப் பெரிது.

எல்லைக்கோடு சாதிச் சான்றிதழிலும் உண்டு. மலையாளிகள் பழைய சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினர். முன்பு கோவை மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையின் மலையாளிகளுக்கு, இன்று ஈரோடு மாவட்டத்தில் வாழ்வதால், அந்தத் தகுதி இல்லை. சான்றிதழ் இல்லாதவருக்குப் பழங்குடியினருக்கான 1 விழுக்காடு இடஒதுக்கீடும் இல்லை, பயிற்சி உதவித்தொகையும் இல்லை.

பயிற்சியும் வேலையும் கிட்டாதபோது தரகர்கள் நுழைகின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில், மரம் வெட்டக் கூலிக்குச் சென்ற ஜவ்வாதுமலைப் பழங்குடியினரும் இருந்தனர்.

ஓர் ஒப்பீடு

கனடா 2019-இல் தொடங்கிய பழங்குடியினர் திறன் மற்றும் வேலைவாய்ப்புப் பயிற்சித் திட்டத்தில் நான்கு பிரிவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நகர்ப்புறத்திலும் எந்தப் பழங்குடி அமைப்பையும் சாராமலும் வாழ்வோருக்கென்றே ஒதுக்கப்பட்டது. சொந்த மண்ணை விட்டு வந்ததால் ஒருவரின் உரிமை தேய்ந்துவிடாது என்பது அதன் அடிப்படை. நம் திட்டங்களின் அலகு நிலப்பகுதி. அங்கே அலகு மனிதர்.

முடிவுரை

ஐம்பதாண்டுகளாகப் பழங்குடியினர் நிதி மலையை அடையாளம் கண்டது. மலையிலிருந்து இறங்கியவரைக் காணத் தவறியது. பழங்குடியினர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக நான்காண்டுகளில் 1,000 கோடி ரூபாய் செலவிடும் ‘தொல்குடி’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. அதே ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டமும் நிறைவேறியது. இவற்றைக் கொண்டு செய்யக்கூடியவை மூன்று: சேலம், திருப்பூர் போன்ற நகரங்களில் பழங்குடி இளைஞருக்கு விடுதியுடன் கூடிய பயிற்சி, வேலையில் சேர்ந்த முதல் மாதங்களுக்கு வாடகை உதவி, மாவட்டம் மாறினாலும் மாறாத சாதிச் சான்றிதழ். மூன்றாவதற்கு நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டும். முதல் இரண்டுக்கும் மாநில அரசு முடிவெடுத்தாலே போதும். அந்த முடிவை இனியும் தள்ளிப்போடக் கூடாது.