மொட்டைக் கடிதமும் மதிப்பெண்ணும்

கல்லூரிகளில் பேச்சு சுதந்திரம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் இப்போது மார்க் போடுகிறார்கள். அமெரிக்காவில் ஃபயர் என்றொரு அமைப்பு 2020 முதல் மாணவர்களையே கேட்டுக் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறது. மனதில் பட்டதைச் சொல்லாமல் விழுங்கியதுண்டா, பிடிக்காத பேச்சாளரைக் கூச்சல் போட்டுத் தடுப்பது சரிதானா என்பது போன்ற கேள்விகள். ஸ்வீடன் நாட்டு வி-டெம் நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு நாட்டையும் அறிந்த வல்லுநர்களிடம் ஐந்து விஷயங்களைக் கேட்டு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண் தருகிறார்கள். 1900 வரை பின்னோக்கிப் போயிருக்கிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எண் கணிசமாகச் சரிந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அந்த ஐந்தில் ஒன்று, வளாகத்துக்குள் போலீசும் கண்காணிப்பும் இல்லாதிருப்பது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைவர் கூப்பிடாமல் பல்கலைக்கழகத்துக்குள் போலீஸ் வரக்கூடாது என்பது பிரான்சில் மிகப் பழைய வழக்கம். 1968 மே 3 அன்று சோர்போனுக்குள் போலீஸ் நுழைந்ததும் ரெக்டர் ழான் ரோஷ் கூப்பிட்டுத்தான். அதற்குப் பிறகு பாரிஸ் தெருக்களில் நடந்தது உலகறிந்த கதை.

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில், அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தை மாணவர்கள் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்களைப் பற்றி டெல்லியில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் பெயர் கிடையாது. பிரதமர் மீதும் இந்துக்கள் மீதும் வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்பது புகார். அமைச்சகம் அதை இணைத்து, நிறுவனத்தின் கருத்தைக் கேட்டது. 2015 மே 22-ல் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து. சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் என்பதால் எனக்குக் கண்ணில் குத்தியது அந்த மொட்டைக் கடிதம்தான். அரசு ஊழியர் மீது வரும் மொட்டைக் கடிதங்கள் பேரில் நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்கள் செக்‌ஷனில் அப்படிப்பட்ட கடிதம் வந்தால் சூப்பரிண்டெண்ட் படித்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைப்பார். ஒரு குமாஸ்தாவுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு ஐ.ஐ.டி. மாணவனுக்குக் கிடைக்கவில்லை. 'கருத்துரை அனுப்புக' என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தாலே கீழே இருப்பவர்களுக்குக் கை நடுங்கும் என்பதும் எனக்குத் தெரியும். தடை செய் என்று யாரும் எழுத வேண்டியதே இல்லை.

நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. ஜூன் 7-ல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. பதினாறு நாள்.

நம் கோவையிலும் ஒன்று உண்டு. 2018-ல் அரசு கலைக் கல்லூரியில் பகத்சிங் பிறந்த நாளையொட்டிக் கூட்டம் நடத்திய முதுகலை வரலாறு மாணவி ஒருவரை, அனுமதி வாங்கவில்லை என்று இடைநீக்கம் செய்தார்கள். வரலாறு படிக்கும் பெண் பகத்சிங்கைப் பற்றிப் பேசாமல் வேறு யாரைப் பற்றிப் பேசுவாள்?

ஆனால் இப்படி நடந்தவற்றை மட்டும் எண்ணி மார்க் போட்டால் ஒரு சிக்கல் வருகிறது. 1965-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம். ஜனவரி 27-ல் அண்ணாமலை நகரில் மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கல்லூரிகளை மூடினார்கள். பிப்ரவரி 12-ல் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு, பல உயிர்கள் போயின. எந்த அளவுகோலிலும் அந்த ஆண்டு பெயில்தான். ஆனால் தமிழ்நாட்டு மாணவன் அவ்வளவு உரக்கப் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் அந்தப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன்.

இன்னொரு பக்கம், 1984-க்குப் பிறகு நம் பக்கத்தில் வரிசையாக எழும்பிய சுயநிதிக் கல்லூரிகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சங்கத் தேர்தல் இல்லை. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றமே ஏற்று ஆணையிட்டும் பெரிய மாற்றமில்லை. தேர்தல் இல்லை, கூட்டம் இல்லை, ஆகவே தடையும் இல்லை, இடைநீக்கமும் இல்லை. சம்பவப் பட்டியல் காலி. 'டிசிப்ளினான காலேஜ்' என்று நாமே சொல்லிப் பணம் கட்டிச் சேர்க்கிறோம். அந்த விதத்தில், எத்தனை தரம் விழுங்கினாய் என்று மாணவனையே கேட்கும் அமெரிக்க முறை எனக்குக் கொஞ்சம் மேலாகப் படுகிறது. நம் பிள்ளைகள் அதற்கு உண்மையான பதில் எழுதுவார்களா என்பது வேறு கேள்வி.

போன ஆண்டு எங்கள் தெருப் பையனுக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. படிவங்களை நிரப்ப என்னிடம் வந்தார்கள், இந்தத் தெருவில் இன்னும் அந்த வேலை எனக்குத்தான். எந்தக் கூட்டத்திலும் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று ஓர் உறுதிமொழி, மாணவன் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. இது எதற்கு என்று கேட்டேன். "ஏனுங்க சார், பையன் கம்முனு படிச்சுட்டு வந்தாப் போதாதுங்களா?" என்றார் அவனுடைய தாத்தா. 1965-ல் பொள்ளாச்சியில் பள்ளிக்கூடத்தைப் புறக்கணித்து ஊர்வலம் போனவர் அவர். எனக்கே பலமுறை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். பேரனுக்குச் சொன்னதில்லையாம். பையன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த தாளைக் கேட்டான்.