தென்றலுக்குச் சந்தனம், வாடைக்குச் சருக்கரை

சென்ற மார்கழியில் நண்பர்கள் நால்வராகத் திருநெல்வேலிக்குச் சென்றிருந்தோம். நெல்லையப்பர் கோயிலில் தாமிரசபையைக் கண்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கீழரத வீதியில் அல்வாவுக்காக நீண்ட வரிசை நின்றது. நாமும் நின்றோம். கோதுமைப் பாலும் சருக்கரையும் நெய்யும் ஒன்றாய்த் திரண்ட மணம் தெருவெங்கும் சூழ்ந்திருந்தது. அப்போது அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் தம் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து நம் மணிக்கட்டுகளில் தெளித்தார். சுண்டக் காய்ச்சிய பாலில் சருக்கரையும் வெனிலாவும் இட்டாற்போன்ற மணம்.

"உண்ணும் பொருளின் மணத்தை உடம்பில் பூசிக்கொள்வதா?" என்று ஒருவர் சிரித்தார். "அங்கே இப்போது இதுதான் மோகம்" என்றார் குப்பிக்குரியவர். மூன்றாமவர், "இவ்வூருக்கு இது பொருத்தந்தான். பெரிய கோயிலின் தலபுராணமே சிந்திய பாலில்தானே தொடங்குகிறது?" என்றார். அரண்மனைக்குப் பால் சுமந்து சென்ற ராமக்கோன் மூங்கில் காட்டில் நாள்தோறும் ஒரே கல்லில் இடறிப் பாலைச் சிந்தினார் என்பதும், அந்தக் கல்லே வேணுவனநாதராக வெளிப்பட்டது என்பதும் அப்புராணம் சொல்லும் கதை.

அந்த மணம் அதன்பின் நடந்துகொண்ட விதந்தான் நம்மைச் சிந்திக்க வைத்தது. வரிசையில் நின்றபோது அல்வாவின் மணத்தில் கரைந்து அது தனித்துத் தெரியவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய சிறிது நேரத்திலேயே திகட்டியது. ஒருவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். மறுநாள் விடியலில் பாபநாசம் படித்துறையில் குளிருக்குப் போர்த்தியிருந்த துண்டின் ஓரத்தில் எஞ்சியிருந்ததோ, விட்டு விலக மனமில்லாதபடி இதமாக இருந்தது. குப்பி ஒன்று, மணம் மூன்று. மணத்தைத் தீர்மானிப்பது பொருளா, அளவா, பருவமா என்ற வினாவோடு ஊர் திரும்பினோம். விடை தேடியபோது பாண்டிய நாட்டுப் பழம்பாட்டு ஒன்றில் போய் நின்றோம்.

அதற்குமுன் குப்பியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இத்தகைய இனிப்பு மணங்களுக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் 'கூர்மாண்ட்'. நல்லுணவில் நாட்டமுடையவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. 1874-இல் ஜெர்மானிய வேதியியலார் டீமானும் ஹார்மனும் வெனிலாவின் மணப்பொருளான வெனிலினைச் செயற்கையாக ஆக்கினர். 1925-இல் வெளிவந்த 'ஷாலிமார்', வெனிலினைவிட வீறு மிக்க எத்தில் வெனிலினைக் கையாண்டது. 1992-இல் வந்த 'ஏஞ்சல்' எத்தில் மால்ட்டாலைத் தாராளமாகச் சேர்த்தது. பஞ்சுமிட்டாய் வாசனை என்றால் நமக்கு உடனே புரியும். இன்று இவ்வகைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுவது இந்த ஏஞ்சல்தான். பால்மணத்தின் இரகசியமோ லாக்டோன் என்னும் சேர்மங்களில் இருக்கிறது. வெண்ணெய் உருகி நெய்யாகும்போது எழும் மணத்திலும் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே நம் நண்பரின் குப்பியும் அல்வாக் கடையும் ஒருவகையில் உறவினரே.

இத்தைலங்கள் பல செறிவுகளில் விற்கப்படுகின்றன. மணப்பொருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் கொலோன். 5 முதல் 15 வரை 'தொவாலெத்'. 15 முதல் 20 வரை 'பர்ஃபம்' நீர். அதற்கு மேற்பட்டது தனிச்சாறு. செறிவு கூடினால் ஒலி கூடுவதுபோல மணமும் கூடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் மணத்தின் குணமே மாறிவிடுகிறது. நீர்த்த தைலத்தில் இலேசான பொருள்கள் சாராயத்தோடு சட்டென மேலெழுந்து பறந்துவிடும். செறிந்த தைலத்தில் கனமானவை தோலோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவரும். வெம்மையும் ஈரமும் மிகுந்த காற்றில் இனிப்பு மணம் கனத்துத் திகட்டும். குளிரில் அதுவே அடங்கி, நெருங்கி வருவோர்க்கு மட்டும் தெரியும்.

இனி நம் பழம்பாட்டுக்கு வருவோம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது என்பர். கூதிர்க்கால இரவொன்றில் வாடை வீசும் நகரை அது காட்டுகிறது. அந்நகரில் வடநாட்டவர் கொண்டுவந்து தந்த வெண்ணிற வட்டக்கல் ஒன்று உண்டு. சந்தனம் அரைப்பதற்கான கல் அது. அந்தக் கல்லும் தென்திசைச் சந்தனமும் குளிர் காரணமாகப் பயன்படுத்துவாரின்றிக் கிடக்கின்றன. பெண்டிர் முழு மாலை சூடுவதில்லை; கூந்தலில் சில மலர்களை மட்டுமே செருகிக்கொள்கின்றனர். பின்பு தகர விறகில் நெருப்பு மூட்டி, கரிய வயிரமேறிய அகிலோடு வெண்ணிற 'அயிர்' இட்டுப் புகைக்கின்றனர்.

அயிர் என்றால் என்ன? அச்சொல்லுக்கு நுண்மணல் என்றும் ஒரு பொருள் உண்டு. புகைப்பதற்கு மணல் எதற்கு? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதற்குக் கண்டசருக்கரை என்று பொருள் கண்டார். 1889-இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அவ்வுரையோடு அச்சேற்றியதால் இது நமக்கும் எட்டியது. படிக்கும்போது எளிதில் கடந்துவிடக்கூடிய இவ்வுரைக் குறிப்பு எத்துணைப் பெரிய செய்தியைச் சுமந்திருக்கிறது! சருக்கரை தீயில் கருகும்போது பிறக்கும் மணப்பொருள்களுள் மால்ட்டாலும் ஒன்று. 1992-இன் குப்பியில் இருந்த எத்தில் மால்ட்டால் அதன் நெருங்கிய செயற்கை உறவு. உணவின் இனிப்பை உடலுக்கு மணமாக்கும் கலையைப் பாண்டிய நாட்டுப் பெண்டிர் பாரிசுக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர்.

ஆனால் 'நாம்தாம் முதலில்' என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் அதை எப்போது செய்தார்கள் என்பதே நமக்கு முக்கியம். தென்றல் வீசும் காலத்தில் சந்தனம். வாடை வீசும் காலத்தில் அகிலும் சருக்கரையும். முன்னது நீரோடு கூடித் தோலைக் குளிர்விப்பது. பின்னது நெருப்போடு கூடிக் கூந்தலை வெதுப்புவது. கூந்தல் இழைகளில் படிந்த புகைமணம் பூச்சைப்போல ஓரிடத்தில் கனத்து நிற்காது. அசைவுக்கு ஏற்பச் சிறிது சிறிதாக வெளிப்படும். இனிப்பு மணத்துக்குரிய பருவத்தையும் இடத்தையும் அளவையும் அவர்கள் முன்பே வகுத்துவிட்டனர். காரில் நாம் பட்ட திகட்டல் இம்மூன்றையும் மறந்ததன் விளைவே.

தென்திசைச் சந்தனம் என்றதும் நினைவுக்கு வருவது பொதிகை. தாமிரபரணி பிறக்கும் இந்த மலையையே வடமொழியாளர் மலயம் என்றனர். அம்மொழியில் சந்தனத்துக்கு 'மலயஜம்', அதாவது மலயத்தில் பிறந்தது, என்றே ஒரு பெயர் உண்டு. காளிதாசன் தன் இரகுவம்சத்தின் நான்காம் சருக்கத்தில் மலயத்தின் சந்தனத்தையும், தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்து முத்துகளையும் சேர்த்தே பேசுகிறான். மலையில் மணம், கழிமுகத்தில் முத்து என இந்தியா முழுதும் இப்பள்ளத்தாக்கை அறிந்திருந்தது.

வாசனைத் தொழிலார் நல்ல சந்தனத்தின் மணத்தைப் பாலேட்டுக்கு ஒப்பிடுவர். சருக்கரையும் நெய்யும் இல்லாமலே ஒரு மரம் பாலின் மென்மையைத் தருகிறது. அதன் வயிரத்திலுள்ள சந்தலால் என்னும் பொருளே இதற்குக் காரணம். கனமான மூலக்கூறு ஆதலால் அது மெதுவாக ஆவியாகிறது; தன்னோடு சேர்ந்த மலர்மணங்களையும் பறந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. கன்னோசியின் அத்தர் வடிப்போர் ரோஜாவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கியது இந்த இயல்பை அறிந்தே.

நம் மொழியில் இப்பொருளுக்குள்ள சொற்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். மரமாக நின்றால் ஆரம். கல்லில் இழைத்தால் தேய்வை. குழைந்து திரண்டால் சாந்து. பிற மணப்பொருள்களோடு கூடினால் கலவை, களபம். மகளிர் மேனியில் கோலமாக எழுதினால் தொய்யில். ஒரே பொருள் எந்தச் செறிவில், எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கேற்பப் பெயர் மாறுகிறது. குப்பிக்காரர்கள் நூற்று விழுக்காட்டால் குறித்ததை நம்மவர் சொற்களால் குறித்திருக்கின்றனர்.

உண்பதும் பூசுவதும் எங்கே பிரிகின்றன என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியது. உரைமரபு தரும் பட்டியலில் ஐந்து விரை என்பன கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம்; இவை மேனிக்கு உரியவை. வெற்றிலையோடு வாயிலிடும் ஐந்து வாசமோ வேறு. தக்கோலமும் இலவங்கமும் கர்ப்பூரமும் சாதிக்காயும் அதில் வரும். வேலி உண்டு, ஆனால் தாண்டவே கூடாத வேலி இல்லை. பச்சைக் கர்ப்பூரம் பெருமாளின் தீர்த்தத்திலும் இருக்கிறது, நம் வீட்டுப் பாயசத்திலும் இருக்கிறது.

அளவு மாறினால் மணம் மாறும் என்பதை வடபுலத்தில் கணக்காகவே எழுதி வைத்தவர் வராகமிகிரர். ஆறாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் 'கந்தயுக்தி' என்று வாசனைக் கலவைக்கென ஒரு தனி அதிகாரம் உண்டு. 16 பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்து, பங்குகளை மாற்றி மாற்றிக் கலந்தால் 1,74,720 மணங்கள் கிடைக்கும் என்கிறார் அவர். பதினாறே பொருள்கள், மற்றவையெல்லாம் தேர்வும் அளவும் செய்த வேலை.

இன்று அந்த வட்டக்கல்லும் சந்தனமும் என்ன ஆயின? திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். மைசூர் அரசு 1916-இல் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கியது. தேவை பெருகியது, மரமோ தன் கதியிலேயே வளர்ந்தது. பக்கத்து மரங்களின் வேர்களில் ஒட்டி உறிஞ்சி வாழும் இம்மரம் மணமுள்ள வயிரம் பாயப் பல்லாண்டுகள் கேட்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகக் காடுகளில் கடத்தல் கோடரி வீழ்த்தியவை எத்தனையோ. 1998 முதல் சந்தனம் உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தன் நிலத்துச் சந்தனமரம் தனக்கே உரியது என்னும் நிலை 2002-இல்தான் வந்தது. பொதிகைச் சாரலை 1988 முதல் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் காத்து வருகிறது என்பது ஆறுதல். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-இல் யுனெஸ்கோவும் தன் வலையத்தில் சேர்த்துக்கொண்டது.

காட்டில் மரம் தப்பலாம். வீட்டில் மணம் தப்பவில்லை. திருமண வீட்டு வாயிலில் பன்னீர்ச் செம்பின் அருகே வைக்கும் சந்தனக் கிண்ணத்தில் இன்று இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ தூளும் செயற்கை மணமுந்தான். அது கூடத்தின் கோடிவரை கூவி அழைக்கிறது. இழைத்த சந்தனம் அப்படிக் கூவாது. அருகில் வருவோரிடம் மட்டும் பேசும். உரத்த மணத்துக்குப் பழகிய மூக்கு மெல்லிய மணத்தை 'மணமே இல்லை' என்று தள்ளிவிடுகிறது. மரத்தின் இழப்பை நட்டு ஈடுசெய்யலாம். இந்த இழப்புக்கு என்ன செய்வது?

நெடுநல்வாடையில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். நகரமே அகிலும் அயிரும் புகைத்துக் குளிர்காயும் அதே இரவில், அரண்மனைக் கட்டிலில் கணவனைப் பிரிந்த அரசி இருக்கிறாள். அணிகலன்களைக் களைந்துவிட்டாள். எண்ணெய் காணாத கூந்தல் உலர்ந்து கிடக்கிறது. அவளிடம் எந்த மணத்தையும் நக்கீரர் சொல்லவில்லை. மணத்தின் செறிவில் சுழியத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். பிறர் எல்லாரும் அளவறிந்து சூடும் ஊரில்தான் ஒருத்தி சூடாதிருப்பது நம் நெஞ்சைத் தைக்கிறது.

ஊர் திரும்பியதும் நம்முள் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து சந்தனக்கல்லை இறக்கினோம். நெடுநல்வாடையின் கல் ஒரு பருவம் மட்டுமே கைவிடப்பட்டது. இது முப்பது ஆண்டுகளாகக் கிடந்தது. பாட்டி விட்டுச்சென்ற கட்டை கட்டைவிரல் அளவே மிஞ்சியிருந்தது. சொட்டு நீர் விட்டு இழைத்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. நால்வரும் கல்லருகே குனிந்தோம். பிறகுதான் வந்தது, பாலேட்டைப் போல.