வெள்ளிக்கிழமை வீணை

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வீணை தனம்மாளின் பழைய இசைத்தட்டு, யாரோ இணையத்தில் ஏற்றியது. இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒரு கம்பி முனகுகிறது. 'இதுக்கா இவ்வளவு பேச்சு?' என்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்போது வித்தை என்றால் எனக்கு வேறு. கல்பனாஸ்வரத்தில் பொறி பறக்கணும், கணக்கு பிசகாமல் வந்து விழணும், சபா கைதட்டணும். அதுவும் வித்தைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில், தன் வீட்டில், வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மைக் கிடையாது. விரலில் நெளி மாட்டாமல் நகத்தாலேயே மீட்டுவார். அந்தச் சத்தத்துக்கு எதிரில் இருப்பவர் இருமினால்கூட ஒரு கமகம் போச்சு. கேட்பதற்கும் உழைப்பு வேண்டியிருந்தது.

அவர் வீட்டின் சொத்து க்ஷேத்ரய்யா பதங்கள். பதம் மெதுவாக நகரும். வேகமாகப் போகும்போது ஒரு சுரம் சற்றே பிசகினால் அடுத்தது வந்து மூடிவிடும். விளம்பத்தில் மூட ஆள் கிடையாது. ஒரே மெட்டில் கம்பியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைத் தொடும்போது, இழுப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை விரல் முடிவுசெய்கிறதா, மனசா? வித்தை தனி, ரசனை தனி என்று நாம் பிரித்துப் பேசுவது இந்த இடத்தில் எடுபடாது.

தேவதாசி மரபுக் குடும்பம் அது. 1947இல் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. வழக்கம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பதத்தை அவ்வளவு நிதானமாகப் பாடவும் கேட்கவும் தெரிந்த வீட்டுக் கூடங்களும் கூடவே போயின. அதற்கு முன்பே ஒலிபெருக்கி வந்துவிட்டது, அரங்கம் பெரிதாகிவிட்டது. கடைசி வரிசைவரை எட்டுவதே திறமை என்றாயிற்று. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதங்களைப் பாடிக் காப்பாற்றினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அவற்றை ஆடினார். பாலாவின் அபிநயத்தில் அவசரமே இல்லாததைப் பார்த்தால் பாட்டி வீட்டுக் கூடம் தெரிகிற மாதிரி இருக்கும் எனக்கு.

அந்த இசைத்தட்டை இப்போது ராத்திரி, ஃபேனை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷம். ஒரு மாலை முழுக்க வாசித்தவரை அதற்குள் அடக்கியிருக்கிறார்கள். இரைச்சலைத் தாண்டி, கம்பி இழுபட்டு மேலே போய் அப்படியே நிற்கிறது. காது பழகி, இனிமேல்தான் கேட்கணும் என்று நிமிர்ந்து உட்காரும்போது தட்டு முடிந்துவிடுகிறது.