விலக்கி விலக்கிச் சுட்ட பிஸ்கட்

1912 மார்ச் மாதம். நியூயார்க்கின் செல்சீ பகுதியில் இருந்த நேஷனல் பிஸ்கட் கம்பெனி ஆலையில் சுட்ட புதுவகை பிஸ்கட், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஹோபோகன் ஊரின் மளிகைக் கடைக்கு முதன்முதலாக விற்பனைக்குப் போனது. இரண்டு கரிய வில்லைகள், நடுவே கிரீம். ஓரியோ என்று பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் அது இரண்டு சுவைகளில் வந்தது என்பதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஒன்று வெள்ளைக் கிரீம், மற்றொன்று எலுமிச்சை. எலுமிச்சை 1920களிலேயே நின்றுவிட்டது. நிலைத்துவிட்ட வெள்ளைக் கிரீமில் 1990கள் வரை பன்றிக்கொழுப்பு இருந்தது.

பன்றிக்கொழுப்பு உண்ணாதவர், பால் தொடாதவர், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் எல்லோரும் அந்த டப்பாவுக்கு வெளியேதான் நின்றார்கள். இன்று அதே வடிவ பிஸ்கட்டை முட்டை, பால், வெண்ணெய், கோதுமை எதுவுமில்லாமல் எலுமிச்சை மணக்க வீட்டு ஓவனில் சுடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது நேற்று வந்த மோகமாகத் தோன்றலாம். ஆனால் அதில் சேரும் ஒவ்வொரு மாற்றுப்பொருளுக்குப் பின்னாலும், ஏதோ ஒன்றைச் சாப்பிட முடியாமல் தவித்த மனிதர் ஒருவரோ, ஒன்றைத் தொடமாட்டேன் என்று உறுதியாக நின்ற சிலரோ இருக்கிறார்கள்.

முதலில் பர்மிங்ஹாம். அங்கே மருந்துக் கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடும்பத்தில் இந்த இரண்டும் இல்லையென்றால் கஸ்டர்டும் இல்லை, ரொட்டியும் இல்லை. பேர்ட் வேதியியல் அறிந்தவர். 1837இல் சோள மாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைச் செய்தார். 1843இல் ஈஸ்ட் இல்லாமலே மாவை உப்பவைக்கும் பேக்கிங் பவுடரைச் செய்தார். அந்தக் கஸ்டர்ட் ஒருநாள் விருந்தினர்களுக்குத் தவறுதலாகப் பரிமாறப்பட்டு, அவர்கள் விரும்பிக் கேட்டுச் சாப்பிட்ட பிறகுதான் கடைச் சரக்காயிற்று என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பேக்கிங் பவுடர் கிரைமியப் போர்க்களம் வரை போய்ப் படைவீரர்களுக்கு ரொட்டி சுட உதவியது. பின்னாளில் பிரிட்டனில் கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட் வந்தபோது, அதை வாங்கியவர்களில் பெரும்பாலோரின் நாக்கில் கஸ்டர்ட் என்று பதிந்திருந்தது இந்த முட்டையில்லாச் சுவைதான். ஒரு பெண்ணின் ஒவ்வாமைக்காகச் செய்த மாற்று, ஒரு நாட்டின் வழக்கமான சுவையாகவே ஆகிவிட்டது.

கோதுமையின் கதை இதைவிடக் கனமானது.

1888இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் சாமுவேல் கீ, வயிறு உப்பி, கைகால் மெலிந்து, ஓயாத வயிற்றுப்போக்கால் சாகும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்குத் தெளிவான நவீன விவரணை அதுதான். குணமாக்க வழி இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்றும் சொன்னார். தினமும் டச்சு நாட்டுச் சிப்பிக் கறி ஊட்டப்பட்ட ஒரு குழந்தை நன்றாகத் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி நோயில் விழுந்ததையும் குறித்து வைத்தார். விடை அவர் கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் அவர் விலக்கச் சொன்னது அரிசியையும் ஜவ்வரிசியையும் சோள மாவையும். கொடுக்கலாம் என்று சொன்னவற்றில், மெல்லிசாக அரிந்து இரு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டியும் ஒன்று.

1924இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மருந்துச் சத்து இருக்கிறது என்று உலகம் நம்பியது. உண்மையில் அந்த உணவுமுறையில் ரொட்டிக்கு இடமில்லை, பிழைக்கவைத்தது அதுதான்.

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1936 முதல் ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்றபோது சீலியாக் குழந்தைகள் தேறியதைப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது பாதி உண்மை. ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளைக்குக் குணமாகிறது என்று ஒரு தாய் 1930களிலேயே சொன்ன சொல்லை டிக்கே காதில் போட்டுக்கொண்டார். போருக்கு முன்பே கோதுமையில்லா உணவைக் கொடுத்துப் பார்த்தார்; 1941இல் அதைப் பற்றி டச்சு மருத்துவ இதழில் எழுதியும் இருந்தார். பஞ்சம் அவர் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தந்த ஆய்வேட்டில் அதை நிறுவினார். பெயர் பதியாத அந்தத் தாய்க்கும் இந்த வரலாற்றில் டிக்கேக்கு இணையான இடம் கொடுக்க வேண்டும்.

நோய்க்காக அன்றி, கொள்கைக்காக விலக்கியவர்களின் கதையும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் தொடங்குகிறது. 1944 நவம்பரில், போர் இன்னும் முடியாத பிரிட்டனில், டொனால்ட் வாட்சன் என்ற தச்சுவேலை ஆசிரியரும் அவர் நண்பர்கள் சிலரும் சேர்ந்து வீகன் சங்கத்தை ஆரம்பித்தார்கள். பாலும் முட்டையும் ரேஷனில் அளந்து கிடைத்த காலம்; ஊரே ஏங்கிய பண்டங்களை இவர்கள் தாமாகவே வேண்டாம் என்றார்கள். ஆனால் அடுப்பங்கரையில் கொள்கை மட்டும் போதாது, வெண்ணெய்க்கு ஈடாக ஏதாவது வேண்டுமே. 1869இல் பிரான்சில் மேஜ்-மூரியே உருவாக்கிய மார்கரின் மாட்டுக்கொழுப்பில் செய்தது. பிரிட்டிஷ் மார்கரினிலோ திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது. தாவர எண்ணெயை உறையவைக்கும் வித்தையை ஜெர்மானியர் வில்ஹெல்ம் நோர்மன் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். அந்த வித்தையில் அமெரிக்காவில் 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து கிரிஸ்கோ வந்தது, இந்தியாவில் 1937இல் டால்டா வந்தது. சிக்கனமாக, கெடாமல், வெள்ளை வெளேரென்று இருந்த இந்தக் கொழுப்புதான் கிரீம் பிஸ்கட்டுகளின் நடுவில் குடியேறியது. அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று தெரிந்து, அதை ஒதுக்க அமெரிக்க அரசு 2015இல்தான் முடிவெடுத்தது. விலக்கியதற்குப் பதிலாக வருவதும் பிறகு விலக்கப்படலாம் என்பதை இந்த வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

மாவுக்குத் திரும்புவோம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசையும்போது, சீலியாக் நோயாளிகளுக்கு ஆகாத குளூட்டன் என்ற புரதம் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்க முடிவது அந்த இழையால்தான். பிஸ்கட் சுடுபவருக்கோ அந்த இழை வேண்டாத விருந்தாளி. அதைக் கட்டுப்படுத்தத்தான் புரதம் குறைந்த மாவைத் தேடுகிறார்கள், கொழுப்பை அதிகம் சேர்க்கிறார்கள், மாவை அதிகம் பிசையாமல் விடுகிறார்கள். ஆகவே குளூட்டன் இல்லாத ரொட்டி சுடுவது போராட்டம் என்றால், குளூட்டன் இல்லாத பிஸ்கட் சுடுவது அந்தத் தொழில் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வழியில் இன்னும் சில அடி நடப்பதுதான்.

அந்தச் சில அடியிலும் ஒரு பள்ளம் உண்டு. இழை அறவே இல்லையென்றால் மாவு பொலபொலவென்று உதிரும். தமிழ்நாட்டு அடுப்படி இதற்கு ஒரு விடையை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. ஊறவைத்த அரிசியை ஈரப்பதத்தோடு இடித்து, பாகு பதம் பார்த்து ஊற்றி, இரவு முழுக்க வைக்கிற அதிரச மாவில், பிடிமானம் வெல்லப்பாகிலிருந்து வருகிறது. மேற்கில் விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. இலினாய் மாநிலம் பியோரியாவில் இருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் வேதியியலாளர் அலீன் ஜீன்ஸ், முட்டைக்கோஸில் கரும்அழுகல் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவிலிருந்து ஒரு பிசினைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஸாந்தன் கம். 1969இல் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. ஒரு கிண்ணம் மாவுக்குக் கால் தேக்கரண்டி போதும்.

அந்தப் பிசினை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான பெட் ஹாக்மன். அவரே சீலியாக் நோயாளி. 1990இல் வெளியான தமது சமையல் நூலில் அவர் தந்த மாவுக் கலவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது: ஆறு பங்கு அரிசி மாவு, இரண்டு பங்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச், ஒரு பங்கு மரவள்ளி ஸ்டார்ச். நூறு ஆண்டுகளுக்கு முன் டாக்டர் கீ விலக்கச் சொன்ன அரிசியே அந்தக் குழந்தைகளின் வழிவந்தவர்களுக்கு அடிப்படை மாவாயிற்று. மரவள்ளி ஸ்டார்ச்சுக்குத் தமிழ்நாட்டோடும் உறவுண்டு. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு வரத்து நின்றபோது 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் தொழில் எழுந்தது. டச்சுக் குழந்தைகளின் ரொட்டியை நிறுத்திய அதே போர்தான் அதற்கும் காரணம்.

இனி எலுமிச்சை. ஆலைகளில் புளிப்பு பெரும்பாலும் பழத்திலிருந்து வருவதில்லை. 1917இல் ஜேம்ஸ் கரி, கரும்பூஞ்சை ஒன்று சர்க்கரையைச் சிட்ரிக் அமிலமாக்குவதைக் காட்டினார். 1919இல் ஃபைசர் நிறுவனம் அந்த முறையில் அமிலம் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை இத்தாலிய எலுமிச்சையை நம்பியிருந்த தொழில் அத்தோடு மாறிப்போனது. இலங்கையில் வளர்ந்தவர்கள் ஆசையாய் நினைக்கும் லெமன் பஃப் போன்ற ஆலை பிஸ்கட்டுகளின் கிரீமிலும் அமிலமும் எசன்ஸும் செய்யும் வேலை அதிகம். வீட்டில் சுடுபவருக்குப் பழத்தின் தோலே போதும். மணமுள்ள எண்ணெய், மஞ்சள் தோலின் நுண்பைகளில்தான் இருக்கிறது. வெள்ளைப் பகுதி வராமல் மெல்லத் துருவி, சர்க்கரையோடு விரல்நுனியால் தேய்த்தால் சர்க்கரை ஈரமாகி மஞ்சள் ஏறும். அடுப்படி முழுக்க வாசனை நிற்கும். சாற்றைக் கிரீமில் தாராளமாக ஊற்றினால் அது இளகிப் பிரிந்துவிடும். இரண்டு தேக்கரண்டிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

சுட்டதும் வில்லைகளைத் தொடக் கூடாது. குளூட்டன் இல்லாத பிஸ்கட் சூட்டில் மிக மென்மையாக இருக்கும். ஆறி, கொழுப்பும் சர்க்கரையும் இறுகிய பிறகுதான் தட்டிலிருந்து எடுக்கலாம். நன்றாக ஆறிய பிறகே கிரீம். மேற்கத்தியச் செய்முறைகள் வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் போடச் சொல்கின்றன. அது ஏறத்தாழ 24 டிகிரியில் உருகும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கிரீம் மேசையிலேயே வழிந்துவிடும். அதனால் இங்கே சுடுபவர்கள் ஊறவைத்த முந்திரியை வழுவழுப்பாக அரைத்து, எண்ணெயைக் குறைத்து, பொடித்த சர்க்கரையைக் கூட்டி, கிரீமை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் இறுகவைத்துப் பூசுகிறார்கள்.